கிழக்கே புயல், மேற்கே வெள்ளம்

2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் பெய்த மழைக்குப் பெயர் கிடையாது. வர்தாவுக்குப் பெயர் உண்டு, நிவருக்கு உண்டு, மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் எல்லாவற்றுக்கும் உண்டு. இத்தனை புயல்களின் பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கும், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்க்காரரிடம் எது மோசம் என்று கேட்டால், பெயரே இல்லாத அந்த மழையைத்தான் சொல்வார்.

அன்றைக்கு வங்கக் கடலில் இருந்தது புயல் அல்ல. இலங்கையை ஒட்டிய தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அவ்வளவுதான். வானிலை ஆய்வு மையத்தின் படிநிலையில் அது கீழ்ப்படி. ஆனால் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. (அரசு அட்டவணையைத் தேடிப் பார்ப்பவர்கள் டிசம்பர் 2-ம் தேதிக்கு நேராகப் பார்க்க வேண்டும். மழைமானியின் ஒரு நாள் என்பது காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை வரை. முதல் நாள் பகலும் இரவும் கொட்டியது மறுநாள் கணக்கில்தான் ஏறும்.)

49 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. அதன்மேல் 49 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 1,09,000 லிட்டர். கோடையில் இந்தப் பகுதிகளில் காசு கொடுத்து வாங்குகிறோமே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதில் ஒன்பது லாரி. ஒவ்வொரு மனைக்கும் ஒன்பது லாரி, ஒரே நாளில், வானத்திலிருந்து. மேட்டிலிருந்து இறங்கி வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இவ்வளவு மழை பெயரில்லாமல் வந்து போனதற்குக் காரணம், நாம் புயலை அளக்கும் முறை. இந்திய வானிலைத் துறை இந்த அமைப்புகளைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் தாழ்வுப் பகுதி. 31-லிருந்து 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் சூட்டுகிறார்கள். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். அமெரிக்காவில் ஹரிக்கேன்களை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவதும் காற்றை மட்டுமே வைத்துத்தான். இந்த ஏணியின் எந்தப் படியிலும் மழை என்ற பேச்சே இல்லை.

இந்த ஏணி கப்பல்காரர்களுக்காகப் பிறந்தது. அவர்களுக்கு அது சரியாகவே பயன்பட்டது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று ஏற்றுவதும் கடலில் இருப்பவனுக்காக. கரையிலிருந்து இருபது கி.மீ. உள்ளே, ஏரிக்கரைக்குக் கீழே வீடு கட்டியிருப்பவருக்கு அந்த எண்கள் சொல்வது கொஞ்சம்தான்.

*

புயலுக்கு எரிபொருள் நீராவி. கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அந்த வெப்பம் மேலோடு நிற்காமல் சுமார் ஐம்பது மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கடலைக் கலக்கியதும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து அடுப்பை அணைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடல் 28, 29 டிகிரியில் இருக்கும். தாராளம்.

கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து மழைத்துளியாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு லிட்டர் மழைநீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம், சாதாரணக் குழாய்த் தண்ணீர் எட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அந்த வெப்பத்தால் நடுவிலுள்ள காற்று இலேசாகி மேலே எழுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. அதுவும் மேலே எழுகிறது. பூமி சுழல்வதால் உள்ளே பாயும் காற்று நேராக வராமல் வலப்பக்கம் விலகி, மையத்தை இடஞ்சுழியாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. நில நடுக்கோட்டுக்கு மிக அருகில் இந்த விலகல் அற்பம் என்பதால் அங்கே புயல் பிறப்பதில்லை.

எரிபொருள் ஜூலையிலும் உண்டு. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவக்காற்று கீழே மேற்கிலிருந்தும், பல கி.மீ. உயரத்தில் பலத்த காற்று கிழக்கிலிருந்தும் வீசும். எழுந்து நிற்க முயலும் புயலின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இழுபடும், நிமிரவே முடியாது. பருவம் மாறும் அக்டோபரில் இந்த இழுபறி தளர்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புயல் காலம் தீபாவளியை ஒட்டி ஆரம்பித்து மார்கழியில் முடிகிறது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதில் அடிக்குறிப்பாகப் போகும் இன்னொரு விஷயம்தான் தென்சென்னைக்கு முக்கியம். புயலுக்குத் தானாக நகரும் சக்தி கிடையாது. சுற்றிலுமுள்ள பெரிய காற்றோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். இரண்டு பக்கமும் சம பலத்தில் இழுக்கும் உயர் அழுத்தப் பகுதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய தேர் மாதிரி நிற்கும். காற்று எவ்வளவு பலமாக வீசினாலும், ஓடிக்கொண்டிருக்கும் புயல் ஓர் ஊருக்குக் கொடுப்பது சில மணி நேர மழை. நின்றுவிட்டால் அதே மழையை ஒரே ஊர் தலையில் கொட்டும்.

மிக்ஜாம் அதைத்தான் செய்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் அது சென்னையைக் கடக்கவில்லை. கரையிலிருந்து சுமார் நூறு கி.மீ. தள்ளிக் கடலிலேயே, மணிக்கு பத்து கி.மீ.க்கும் குறைவான வேகத்தில், வடக்கு நோக்கி ஊர்ந்தது. மிதிவண்டிக்காரர் அதை முந்திவிடலாம். கரையைக் கடந்தது 5-ம் தேதி, ஆந்திராவின் பாபட்லா அருகே. கரை கடந்த இடத்தை வைத்துப் பார்த்தால் அது ஆந்திரப் புயல். ஆனால் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வாசலில் படகு வந்தது.

அதே வெள்ளத்தில் பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை சாலையைக் கடந்து போகும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. போலி என்று பலர் சத்தியம் செய்தார்கள். உண்மைதான். வண்டலூரை ஒட்டிய நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் கொஞ்சம் இருக்கின்றன; வழக்கமாக ஆள் கண்ணில் படாது. ஏரி தளும்பிச் சாலையோடு ஒன்றானபோது அந்த முதலைக்கு எல்லை தெரியவில்லை.

புதுச்சேரி அருகே 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் இன்னொரு வகை. காற்றைப் பொறுத்தவரை சாதாரணப் புயல். கரையேறிய பிறகு நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை, புதுச்சேரியிலும் 40-ஐத் தாண்டியது. தாம்பரத்துக்கு 2015-ல் வந்தது, நூறு கி.மீ.க்கு மேல் தெற்கே தள்ளி விழுந்தது என்றே சொல்லலாம். அன்று சென்னைப் புறநகர் தப்பியதற்குக் காரணம் வடிகால்களா, ஃபெஞ்சல் நின்ற இடமா என்று கேட்டால், இரண்டாவது என்பதுதான் நேர்மையான பதில்.

உலகம் இதைப் பெரிய அளவில் கண்டது 2017 ஆகஸ்டில். ஹார்வி என்ற ஹரிக்கேன் டெக்சாஸ் கரையை நான்காம் வகைப் புயலாகக் கடந்தது. காற்றில் சேதமானவை கரையோரச் சிற்றூர்கள். பிறகு வலுவிழந்தது, ஏணியில் இறங்கியது, ஆனால் நகரவில்லை. வலுவிழந்த அந்த ஹார்விதான் ஹூஸ்டன் நகரத்தை மூழ்கடித்தது. அந்த மாநிலத்தில் ஓரிடத்தில் மொத்த மழை ஒன்றரை மீட்டர். ஹூஸ்டனும் தென்சென்னையைப் போலத் தட்டையான மண், சதுப்பு, நெல் விளைந்த நிலத்தின்மேல் பரவிய ஊர். மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 1949 முதல் 2016 வரை உலகப் புயல்களின் நகர்வு வேகம் சராசரியாகப் பத்து சதவீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. பழைய பதிவுகள் அவ்வளவு நம்பகமானவையா என்று அதை மறுப்பவர்களும் உண்டு. சர்ச்சையே இல்லாத கணக்கு வேறு: காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏழு சதவீதம் கூடுகிறது.

*

பெயரில்லாத மழைக்குத் திரும்புவோம். ஒரு கீழ்ப்படித் தாழ்வுப் பகுதி எப்படி அரை மீட்டர் மழையைக் கொண்டுவந்தது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கதை இப்படிப் போகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று மேற்கு நோக்கி வேகமாக வருகிறது. கரையில் மழை பெய்கிறது. மழை பெய்த இடத்தில் காற்று குளிர்ந்து கனமாகித் தரையோடு படிகிறது; வெயில் காலத்து மழையில் திடீரென்று ‘சில்’லென்று ஒரு காற்று வருமே, அதுதான். வழக்கமாக இந்தக் குளிர்காற்று நாலா பக்கமும் வழிந்து ஓடிவிடும். அன்றைக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை தடுத்தது. மலை என்று சொல்ல வெட்கப்படும் உயரம்தான்; ஆனாலும் தரையோடு கிடக்கும் குளிர்காற்றை மறிக்க அது போதும். கிழக்கே கடற்காற்று நெருக்கியது. இரண்டுக்கும் நடுவில் குளிர்காற்று தேங்கி நின்றது. அடுத்து வந்த ஈரக்காற்றுக்கு அந்தத் தேக்கமே ஒரு மலை. அதன்மேல் ஏற வேண்டியதாயிற்று; ஏறியதும் மேகம், மேகத்திலிருந்து மழை, மழையிலிருந்து மேலும் குளிர்காற்று. இந்த ஏற்றம் நடந்த கோடு சென்னைக் கரையோரத்திலேயே நிலைத்துவிட்டது. மேகங்கள் உள்நாட்டுக்கு நகர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் அதே இடத்தில் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தன. மழை தனக்குத் தானே அணை கட்டிக்கொண்ட மாதிரி.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் மலையின் பங்கு. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்த மழை புரியாது. மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். வெள்ளத்துக்கும் இதே கதைதான்.

*

புயல் என்றதும் கடல் ஊருக்குள் வரும் என்ற பயம் நமக்கு உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது கடலால். 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவை அழித்தது கடல். 1970-ல் இன்றைய வங்கதேசத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பலிகொண்ட போலா புயலும் கடலைத்தான் ஏவியது. மூன்று இடங்களிலும் பொதுவானது ஆழமில்லாத கடல். காற்று தள்ளிவரும் நீர் கீழ்ப்பக்கமாகத் திரும்பி ஓட இடமில்லாதபோது மேலே எழும்பிக் கரையேறுகிறது. சென்னைக்கு எதிரே கடலடி சீக்கிரமே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால் இங்கே கடல் பொங்குவது அந்த அளவுக்குப் போவதில்லை. பட்டினப்பாக்கத்திலோ கோவளத்திலோ குடிசையில் இருப்பவர் இதைக் கேட்டு நிம்மதி அடைய முடியாதுதான். ஆனால் தாம்பரத்துக்குக் கடல் வராது.

கடல் செய்வது வேறு. கதவைச் சாத்துகிறது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும். வர்தாவின் மையத்தில் அழுத்தம் 975 வரை இறங்கியது. வழக்கமாக இருக்க வேண்டியது 1,010 அளவு. அந்தக் கணக்கிலேயே 35 செ.மீ. உயர்வு. அதன்மேல் காற்று தள்ளும் நீர், அலை, முழுநிலா நாளாக இருந்தால் பெரிய ஓதம். அடையாறு முகத்துவாரமும் முட்டுக்காடும் இருக்கும் உயரத்துக்கு இந்த ஓரிரு அடியே அதிகம். போதாக்குறைக்கு முகத்துவாரத்தில் மணல் மேடு. மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து வாருகிறார்கள், கடல் மறுபடி கொண்டுவந்து போடுகிறது. சரிவே இல்லாத ஆற்றில் கடைவாசல் சாத்தப்பட்டால் தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியிலேயே நிற்கும்.

வந்த வழி எது? தாம்பரத்தைப் பொறுத்தவரை இரண்டு வழி. கிழக்குப் பக்கம் விழும் நீர் பள்ளிக்கரணைக்குப் போகிறது. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு, அது நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் கலங்கலில் வழியும் உபரி நீர் இன்னொன்றின் வாயில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். கடைசியில் சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்தது. 2022-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி கிடைத்தபோது எல்லைக்குள் வந்தது 1,247 ஹெக்டேர். மீதி இடத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை வேளச்சேரி – தாம்பரம் சாலையில் பேருந்தில் போகிறவர்களே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எந்த இடம் மேடு என்று அரசு வரைபடத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மேற்குப் பக்கம் அடையாறு. இங்கேதான் 2015 பற்றிய பொதுப் பேச்சில் ஒரு குழப்பம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம்தான் பேச்சு. டிசம்பர் 1 மாலைக்குள் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள், முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்பது வாதம். கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகவே குறை சொன்னது. ஜாபர்கான்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்த வாதம் பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டு திறக்காமல் இருந்திருந்தாலும் முடிச்சூர் மூழ்கியிருக்கும்.

முடிச்சூருக்கு வந்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். எல்லாம் மேற்கிலும் தெற்கிலும். அவை ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை, 1918-க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் இல்லை. மாத நடுவிலேயே முடிச்சூரில் தண்ணீர் புகுந்து, ஆட்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் கழித்து 49 செ.மீ. வந்தபோது எந்த ஏரியிலும் ஒரு சாண் இடமில்லை. வந்தது அப்படியே கலங்கல் தாண்டியது. கரை உடைந்த இடங்களும் உண்டு. முடிச்சூர்ப் பக்கத்து ராயப்பா நகர், அஷ்டலட்சுமி நகர் மக்கள் இருட்டில் சத்தம் கேட்டு எழுந்தபோது தண்ணீர் வந்துகொண்டிருந்தது கடல் இருக்கும் கிழக்கிலிருந்து அல்ல.

ஏரியில் இடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி கையிலேயே இருக்கிறது. ஓராண்டு கழித்து, 2016 டிசம்பர் 12-ம் தேதி பிற்பகல் வர்தா சென்னையின் மேலேயே கரை கடந்தது. மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் காற்று. கண் கடக்கும்போது கொஞ்ச நேரம் ஓய்ந்து, பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடித்தது. முதல் பாதியில் வேர் ஆடிப்போன மரங்கள் இரண்டாம் பாதியில் விழுந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பூங்கா வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. புறநகரில் பல தெருக்களுக்கு மின்சாரம் வர நாள்கணக்கானது. மழையும் கனமழைதான். ஆனால் முடிச்சூர் மூழ்கவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்திருந்தது. ஏரிகள் வறண்டு கிடந்தன. வர்தா கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தன. ஏணியில் உயர்ந்த படியில் இருந்த புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கீழ்ப்படியில் இருந்த தாழ்வுப் பகுதி ஊரையே மூழ்கடித்தது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கடந்தபோது தாம்பரத்தில் 31 செ.மீ. பெய்தது. ஏரிகள் நிரம்பியிருந்தன. வரதராஜபுரத்தில் மறுபடியும் படகு.

ஆகவே இந்தப் பகுதியில் இருப்பவர், தொலைக்காட்சியில் புயலின் பெயரை விளக்கும் நேரத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்ப்பது பிரயோஜனம்: அது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, மணிமங்கலமும் ஆதனூரும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கின்றன, அன்றிரவு ஓதம் எத்தனை மணிக்கு. முதலாவதை வானிலை மையம் ஒவ்வொரு அறிக்கையிலும் சொல்கிறது. யாரும் தலைப்பில் போடுவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணினி மாதிரி 2015-க்குப் பிறகு உருவாக்கப்பட்டது. ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்தன. நடத்துவது தேசிய கடலோர ஆராய்ச்சி மையம். அந்த மையம் இருப்பது பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில். சதுப்பு நிலத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டு வெள்ளத்தைக் கணிக்கிறார்கள் என்று கிண்டலாகச் சொல்லலாம். வேறு எங்கு உட்கார்ந்தால் அவ்வளவு அக்கறை வரும் என்றும் சொல்லலாம்.

மாதிரிக்கு மிகவும் தேவைப்படுவது தரையின் உயரம். எந்த இடம் எத்தனை செ.மீ. மேடு, எது பள்ளம். சிக்கல் அங்கேதான். இந்தப் புறநகரில் தரை ஒரு நிலையில் நிற்பதில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஏதாவது ஒரு தெருவுக்குள் போய்ப் பாருங்கள். பழைய வீட்டுக்குச் சாலையிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். பக்கத்துப் புது வீட்டுக்கு ஐந்து படி ஏற வேண்டும். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் சாலை உயர்கிறது. சாலை உயர்ந்ததால் புதிதாகக் கட்டுபவர் நாலடி மண் கொட்டி நிரப்புகிறார்.

பழைய வீட்டுக்காரர் ஜாக்கிக்காரர்களைக் கூப்பிடுகிறார். ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் இதில் பேர்போனவை. அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டத்தைச் செருகி, அதன் அடியில் லாரிக்கு வைக்கும் ஜாக்கியை வைக்கிறார்கள். வீடு முழுக்க நூற்றுக்கணக்கில். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே சமயத்தில் கால் சுற்றுத் திருப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு வீடு எழுகிறது. மறுபடி குரல். சில வாரங்களில் வீடு மூன்றடி, நாலடி மேலே நிற்கும். இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு, உள்ளே மண் நிரப்பிவிடுகிறார்கள். பொறியியலாக நல்ல வேலை. அந்த வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. 2015-ல் பீரோவும் ஃபிரிட்ஜும் மிதந்ததைப் பார்த்தவர்.

ஆனால் நாலடி நிரப்பிய ஒரு கிரவுண்டு மனை, ஆறு பெருகி நாலடிக்கு நிற்கும் நாளில், 2,70,000 லிட்டர் நீர் நின்றிருக்கக்கூடிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று அதே மனைமேல் விழுந்த மழையைப் போல இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. லாரிக் கணக்கில் இருபத்திரண்டு. அந்தத் தண்ணீர் மறைந்துபோவதில்லை. இன்னும் நிரப்பாத அடுத்த மனைக்குப் போகிறது. வரதராஜபுரத்தில் இன்றைக்கும் மண் லாரிகள் வந்துகொண்டிருக்கின்றன, பெரும்பாலும் கோடையில்.